ஐம்பத்து மூன்று நிமிடப் பயணம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினான்கு ஊர்களைச் சேர்த்து வைத்தேன். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றின் பெயரை இன்னொன்று கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை. இருந்தாலும் இரண்டிரண்டாகப் பிடித்து, இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று ஜோடிக்கு ஒரு பக்கம் எழுதி இணையத்தில் ஏற்றியாயிற்று. பிழைப்பு அப்படி.

யாராவது கேட்டால் "பயணத் துறையில் இருக்கிறேன்" என்பேன். கேட்பவர்கள் முகம் மலரும். நேரில் வந்து பார்த்தால் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, மூன்று மேஜை, சுற்றுவதற்கு முன் இருமுகிற ஒரு மின்விசிறி. வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்து நேர்கோடு இழுக்க வேண்டும். கோட்டின் நீளத்தை விமான வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்க்க வேண்டும். நடுவில் மலை இருந்தால் எனக்கென்ன, கடல் இருந்தால் எனக்கென்ன?

"அருகிலுள்ள விமான நிலையம்" என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் பக்கம் ஏறாது, சிவப்பாக முறைக்கும். ஆகவே எதையாவது போட்டு அதன் வாயை அடைப்போம். இந்த உத்தியைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து மேஜைக்காரர். வரைபடத்தை மூக்கால் தடவிக்கொண்டே இருப்பதால் அவருக்கு மேப்பு என்று பெயர்.

இவ்வளவுக்கும் நான் பஸ் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்துக்குள் வாந்தி எடுப்பவள். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வேலைக்கு எடுக்கும்போது நல்ல வேளையாக யாரும் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் கணக்குக்கு ஒரு ஜோடி குறைந்தது. மேப்பு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். அவசரத்தில் எங்கள் ஊரையும் அண்ணன் ஊரையும் போட்டேன்.

அண்ணன் ஊரை ஊர் என்று சொல்வதே அதிகம். ஓர் அணை, பக்கத்தில் ஊழியர் குடியிருப்பு, ஒரு கேண்டீன். அண்ணன் அங்கே மதகு ஆபரேட்டர். தண்ணீர் ஏறினால் திறப்பான், இறங்கினால் மூடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த அணைக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

விமான நிலையம் எங்கள் ஊரிலும் கிடையாது, அங்கேயும் கிடையாது. மேப்பு குனிந்து தேடினார். அணை கட்டிய காலத்தில் என்ஜினியர்களைக் கொண்டு வந்து இறக்க ஒரு சின்ன ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். இப்போது புதர் மண்டிக் கிடக்கிறதாம். அதைப் போட்டேன். எங்கள் ஊருக்கு? எப்போதோ ஒரு மந்திரியின் ஹெலிகாப்டர் இறங்கிய விளையாட்டு மைதானம். அதையும் போட்டேன். தூரம் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். விமானத்தில் ஐம்பத்து மூன்று நிமிடம். பக்கம் பச்சையாகச் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டது.

"பார்த்தீங்களா, உங்க அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு" என்றார் மேப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு காலை பத்து மணி. அண்ணனுக்குப் போன். பன்னிரண்டு வருடமாக ஒரே பேச்சு.

சாப்டியா? சாப்ட்டேன். மழை உண்டா? இல்ல. தண்ணி எவ்வளவு? முக்கால். சரி, வெக்கட்டுமா?

இதைவிட என் இணையப் பக்கங்களில் விஷயம் அதிகம்.

இன்று "வெக்கட்டுமா"வுக்கு முன்னால் அண்ணன், "இரு, ஒரு விஷயம்" என்றான். பிறகு, முப்பத்தொன்றாம் தேதியோடு தனக்கு வேலை முடிகிறது என்றான். ஓய்வு. கேண்டீனில் சின்னதாக ஒரு பிரிவுபசாரக் கூட்டம். எல்லாரும் குடும்பத்தோடு வருவார்களாம்.

அதன் பிறகு சொன்னான். "உன் பக்கத்தைப் படிச்சேன் பாப்பா. அம்பத்து மூணு நிமிஷம்தானாமே. அப்ப வந்துடேன்."

எனக்கு நாற்பத்தொன்பது வயது. என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஆள். அந்த ஆளிடம், "அண்ணா, அது சும்மா கோடு இழுத்து வகுத்தது, அங்கிருந்து காக்கா மட்டும்தான் பறக்கும்" என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. "பாக்கலாம்ண்ணா" என்றேன்.

பாக்கலாமாம். எதைப் பார்ப்பாய்? விளையாட்டு மைதானத்தில் நின்று வானத்தையா?

மார்ச் 10, திங்கள்

அண்ணன் நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. யாருமே படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருடம் எழுதினேன்.

மார்ச் 13, வியாழன்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். சிரித்த சிரிப்பில், இருமல் மருந்து வாங்க வந்தவர் தன் இருமலை மறந்துவிட்டார்.

"உங்கண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடு. அதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறதா? ஒன்று, நான் செய்யும் வேலை என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிடும். "என் தங்கச்சி இன்டர்நெட்ல எழுதுறா" என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். இரண்டு, விமானம் இல்லை என்றால் பஸ். பஸ் என்றால் நான். நான் பஸ்ஸில் என்றால்... வேண்டாம், எழுதும்போதே புரட்டுகிறது.

எனக்கு ஏழு வயதில் அண்ணனோடு பஸ்ஸில் போனது ஞாபகம் இருக்கிறது. அவனுக்குப் பதினாறு. புதுச் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையை நான் ஒரு வழி பண்ணினேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊர் வந்து சேரும்வரை வாயே திறக்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு, என் நெற்றியைப் பிடித்தபடி வந்தான். கோபம் என்று நினைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

நிலைமை கைமீறிவிட்டது.

பத்து மணிக்குப் போன் போட்டால், அண்ணன் எடுத்து, "ஒரு நிமிஷம், கேண்டீன்காரர் பேசணுமாம்" என்று கொடுத்துவிட்டான். கேண்டீன்காரருக்கு வெண்கலக் குரல். ஓடுதளத்தில் புதர் வெட்டியாகிவிட்டதாம். தோட்ட வேலைக்காரர்களும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து இரண்டு நாள் வேலை பார்த்தார்களாம். இரண்டு பெஞ்சு போட்டு, நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, டீ போட அடுப்பு வைக்கும் யோசனையில் இருக்கிறாராம்.

"விமானத்துல எத்தனை பேரு வருவாங்க மேடம்? ஒரு கணக்குக்காகக் கேக்குறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்ன விமானம்தான்" என்றேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட. இல்லாத விமானத்துக்கு அளவு சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பின்னால் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது. அணைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல. தண்ணீர் எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் முதலாளியிடம், நாங்கள் தம்பி முதலாளி என்று கூப்பிடுபவரிடம், பேசினேன். என்னைவிட இருபது வயது சின்னவர், பெருநகரத்தில் இருக்கிறார், கணினித் திரையில் முகம் காட்டுவார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாமா, இல்லையென்றால் விமான நிலையக் கட்டத்தைக் காலியாக விடலாமா என்று கெஞ்சினேன்.

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். முகம் பிரகாசமானது. இந்த வாரம் நம் தளத்திலேயே வேகமாக ஏறுகிற பக்கம் அதுதானாம். ஒரே இடத்திலிருந்து தினமும் நாற்பது பேர் பார்க்கிறார்களாம். "சூப்பர் மேடம், எப்படிப் பண்ணீங்க? இதே மாதிரி இன்னும் பத்து ஜோடி போடுங்க."

அந்த நாற்பது பேர் யார் என்று எனக்குத் தெரியும். தார்ப்பாய்க்கு அடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாராட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வேலையில் பாராட்டு.

மார்ச் 20, வியாழன்

இன்று கேண்டீன்காரரே போன் போட்டார். சர்க்கரை சாப்பிடாத பயணிகள் இருப்பார்களா என்று கேட்கத்தான். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஓய்வு பெற்ற பத்து நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமாம். அண்ணன் ஒரு பழைய சிநேகிதரின் விடுதிக்குப் போகிறானாம். கடற்கரையில். வாட்ச்மேன் மாதிரி, அறையும் சாப்பாடும் கொடுப்பார்களாம்.

போனை வைத்ததும் கை தானாகக் கோடு இழுத்தது. எங்கள் வீட்டிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சே, என்ன கை இது.

மகள் படிக்கப் போனதிலிருந்து எங்கள் பின்னறை சும்மா கிடக்கிறது. இஸ்திரி மேஜையும் பழைய பேப்பரும் அதில் குடித்தனம் நடத்துகின்றன. அண்ணனை "இங்கே வா" என்று நான் ஏன் கூப்பிடவில்லை?

ஏனென்றால் அவன் ஒரே ஒரு முறை வந்தான். அணைக்கு வேலைக்குப் போன புதிதில், மகளுடைய ஏழாவது பிறந்தநாளுக்கு. வீடு நிறைய ஆள். அவன் வந்ததும் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கேக்கைத் தொடவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டான். என்ன குறை வைத்தோம் என்று நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். என் வீடு அவனுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

கூப்பிட்டு, அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு ஞாயிறு பத்து மணிக்கு எந்த முகத்தோடு தண்ணி எவ்வளவு என்று கேட்பேன்?

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். முதல் முறை மழையைப் பற்றிக் கேட்டேன். இரண்டாம் முறையும் மழையைப் பற்றிக் கேட்டேன். அண்ணனே வியந்துபோய், "இப்பதானே சொன்னேன்" என்றான்.

கடைசியில் அவனாகச் சொன்னான். "உனக்குத் தோதுப்பட்டா வா பாப்பா. இல்லன்னாலும் ஒண்ணுமில்ல."

இந்த "ஒண்ணுமில்ல"வை எனக்குத் தெரியும். அப்பா போன அன்றைக்கு எல்லா வேலையும் முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தவனிடம் போய் என்னண்ணா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னான்.

அழுகையா வருது. எதுக்குடி இப்ப அழுற? பஸ் இருக்கு. ரோடு இருக்கு. வயிறு ஒண்ணுதான் சரியில்ல. வயித்துக்குப் பயந்து பன்னெண்டு வருஷம் ஒருத்தி கூடப்பொறந்தவனைப் பாக்காம இருப்பாளா? இருந்திருக்கேனே!

மார்ச் 25, செவ்வாய்

போகிறேன்.

மேப்பு வழி போட்டுக் கொடுத்தார். நேர்கோடு இல்லாமல் அவர் எதையும் வரைந்து நான் பார்த்தது இதுவே முதல் தடவை. மலையைச் சுற்றி, இறங்கி, மறுபடி ஏறி, கோழி கிளறின மாதிரி ஒரு கோடு. அறுநூற்றைம்பது கிலோமீட்டர். இரண்டு பஸ், ஒரு ஜீப், கடைசியில் நீர்த்தேக்கத்தைக் கடக்கப் படகு. "விமானம்னா அம்பத்து மூணு நிமிஷம்" என்று வேறு சொன்னார். ஸ்கேலை எடுத்து அடித்தேன்.

சனி சாயங்காலம் கிளம்பினால் ஞாயிறு இரவு போய்ச் சேரலாம். திங்கள் மாலை நாலு மணிக்குக் கூட்டம். தாராளம்.

இவர் கடையிலிருந்து வாந்தி மாத்திரை ஓர் அட்டை கொண்டு வந்தார். ஊரில் பாதிப் பேருக்கு இதைக் கொடுத்து அனுப்பியவர், வீட்டுக்குக் கொண்டு வந்தது இன்றுதான். கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். இந்தக் காட்சிக்குச் சாட்சி வேண்டாம்.

மார்ச் 29, சனி (பஸ்ஸில்)

மாத்திரை வேலை செய்ய அரை மணி ஆகுமாம். எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. மாத்திரை முழுசாக வெளியே வந்ததை நானே பார்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

மலையில் மண் சரிந்து வழி அடைத்துவிட்டது. பஸ் நிற்கிறது. ஒரு பக்கம் நல்லது, நிற்கிற பஸ்ஸில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வயிறு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

கண்டக்டர் எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பயணத் துறை என்று சொல்லப் பழக்கதோஷத்தில் வாயெடுத்தேன். என் கையில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தேன். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன்.

பத்து மணிக்குப் போன் பண்ண முடியவில்லை. சிக்னல் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் போன் பண்ணாத முதல் ஞாயிறு. வர மாட்டாள் என்று முடிவு கட்டியிருப்பான்.

மார்ச் 31, திங்கள் (படகுத்துறை)

மணி மூன்றரை. பத்துப் பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பாராம் படகுக்காரர். நாங்கள் ஏழு பேர். மூன்று பேருக்கு நானே பணம் தருகிறேன் என்றேன். படகு பாரம் இல்லாமல் ஆடுமே, பரவாயில்லையா என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

ஆடட்டும். எடுங்க.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றைக்கு உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். இங்கே எதுவும் ஆடவில்லை.

நேற்று நான் கரை இறங்கியபோது ஆறு மணி. கூட்டம் முடிந்துவிட்டது. கேண்டீனில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் அண்ணன் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே வாழ்த்து எழுதியிருந்தது. வாசலில் நின்றவரிடம் மதகு ஆபரேட்டர் எங்கே என்று கேட்டேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், கேண்டீன்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் இருந்த கோலத்தைப் பார்த்தால் விமானத்தில் வந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விமானத்திலிருந்து விழுந்தவள் என்றால் நம்புவார்கள். "ஓடுதளத்துல இருக்காரு" என்று கையைக் காட்டினார்.

புதர் வெட்டிய இடம் நீளமாக, சுத்தமாகக் கிடந்தது. ஓரத்தில் தார்ப்பாய். அதன் கீழே பெஞ்சில் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் ஒரு சுவர்க்கடிகாரம், நினைவுப் பரிசாம். ஓடிக்கொண்டிருந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. அதை எனக்குப் போன் சொல்லவில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"அம்பத்து மூணு நிமிஷம்னு போட்டிருந்தே. கொஞ்சம் லேட்டு போல."

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். விமானமே கிடையாது அண்ணா, நான் சும்மா கோடு போட்டேன் அண்ணா, கட்டம் காலியாக இருந்தால் பக்கம் ஏறாது அண்ணா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பாவம், புதர் வெட்டினார்களே, பெஞ்சு போட்டார்களே என்றேன். அண்ணன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"இந்த அணையில பன்னெண்டு வருஷமா இருக்கேன். இங்க விமானம் வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியுமாம்! முதல் நாளிலிருந்தே தெரியுமாம். கேண்டீன்காரருக்கும் தெரியுமாம். புதரை எப்படியும் வருடா வருடம் பாம்புக்குப் பயந்து வெட்டுவார்களாம். தார்ப்பாய் கூட்டத்துக்கு வந்த வண்டிகள் நிற்பதற்காம். அன்றைக்குப் போனில் கேட்டது இருமல் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், குடியிருப்பு மொத்தமும் போனைச் சுற்றி நின்றுகொண்டு. "சின்ன விமானம்தான்" என்று நான் சொன்னதற்கு எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பின்னே எதற்காக என்னை வரச் சொன்னாய் என்று கேட்டேன்.

அண்ணன் கடிகாரத்தின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். "உனக்கு பஸ் ஒத்துக்காது. அதனால எப்பவும் உன்னை வான்னு சொன்னதில்ல. உன் பக்கத்தைப் பாத்ததும், கூப்பிட ஒரு சாக்கு கெடைச்சுது."

நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே விக்கினேன். அந்தச் சூட்டோடு, யோசித்தால் வாய் வராது என்று தெரிந்து, சொல்லிவிட்டேன். கடற்கரையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எங்க வீட்டுக்கு வந்துடு அண்ணா, பின்னறை காலியாத்தான் இருக்கு.

அவன் மதகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சரிதான், வேண்டாம் என்று சொல்லப்போகிறான்.

"பஸ்லயா?" என்றான்.

என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். அந்த உதட்டை நான் பார்த்திருக்கிறேன், ஏழு வயதில், பஸ்ஸில், கோபம் என்று நினைத்தபடி.

"உனக்குமா?"

"உன்னைவிட மோசம். அன்னிக்கு உன்னைப் பிடிச்சுக்கணும்னு எனக்கு வந்ததை முழுங்கிட்டேன். அதுக்கப்புறம் முழுங்க முடியல."

பிறந்தநாளுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தது, கேக்கைத் தொடாதது, எல்லாம் அதுதான். இரண்டு நாள் வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு வந்தவனுக்கு நான் கேக்கை நீட்டியிருக்கிறேன். அவ்வளவு பேர் முன்னால் மாமாக்காரன் வாந்தி எடுத்தால் உனக்குத்தானே அவமானம் என்று விடிந்ததும் கிளம்பிவிட்டானாம். நானோ, என் வீடு பிடிக்கவில்லை என்று இத்தனை வருடம் முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடுதிக்காரச் சிநேகிதர் வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தப் பக்கம் காரில் வருவாராம், அந்தக் காரிலேயே மெதுவாகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாராம். கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒன்றுதான் காரணம். எங்கள் வீட்டுக்கு வருவது பற்றி என்ன நினைத்தாய் என்று கேட்டேன். "நீ கூப்பிடலியே" என்றான், சாதாரணமாக.

நான் கூப்பிடவில்லைதான். எத்தனையோ ஊர்களைச் சேர்த்து வைத்தேன், இது ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள் (பஸ்ஸில், மலைப்பாதை)

அண்ணன் ஜன்னல் ஓரம். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சுவர்க்கடிகாரம் என் மடியில். அதே கண்டக்டர். "எலுமிச்சம்பழம் ரெண்டா?" என்றார்.

மூன்றாகக் கொடுங்கள், அண்ணனுக்கு ரெண்டு வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

வந்து இரண்டு நாள் அண்ணன் படுத்தே கிடந்தான், சுவரைப் பார்த்து. இந்த முறை நான் கேக் நீட்டவில்லை. இவர் உப்புக் கரைசல் கொடுத்தார். இன்று எழுந்து, நன்றாகச் சாப்பிட்டு, இஸ்திரி மேஜையை எங்கே வைப்பது என்று இவரோடு சண்டை போடுகிறான்.

அலுவலகத்தில் ஒரு விசேஷம். எங்கள் பக்கத்தைத் தம்பி முதலாளியே எடுத்துவிட்டார். திடீரென்று ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லையாம். தினமும் வந்த நாற்பது பேர் எங்கே போனார்கள் மேடம் என்று கேட்டார். தெரியாது என்றேன். கேண்டீனில் பெஞ்சை எடுத்து உள்ளே போட்டிருப்பார்கள்.

மேப்பு தேடிக் காட்டினார். எங்கள் ஊர், அண்ணன் இருந்த ஊர், இரண்டையும் போட்டு எவ்வளவு தூரம் என்று தட்டினால் இப்போது ஒன்றும் வருவதில்லை. வெறும் வெள்ளைத் திரை. இத்தனை வருடத்தில் நான் போட்ட பக்கங்களிலேயே சரியானது அதுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை பத்து மணி. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து அழுத்திவிட்டேன். பழக்கதோஷம். பின்னறையில் மணி அடித்தது. அசடு வழிந்தது எனக்கு. வைக்கப் போகும்போது அண்ணன் எடுத்துவிட்டான்.

"சாப்டியா?" என்றான்.

இப்பதானே மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம் என்றேன்.

"சரி. மழை உண்டா?"

ஜன்னலைத் திறந்து பாரு என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. இல்ல என்றான். வைத்துவிடலாம்தான். கேட்காமல் எப்படி வைப்பது?

"தண்ணி எவ்வளவு?"

"முக்கால் தொட்டி. இப்பதான் மாடியில பாத்துட்டு வந்தேன். இன்னும் பத்து நிமிஷத்துல மோட்டாரை நிறுத்தணும்" என்றான், மதகு ஆபரேட்டர்.